பணமில்லாச் சிகிச்சையும் கணினிப் பதிவும்

நோயாளியிடம் பணம் பெறாமல் சிகிச்சை அளிக்கும் திட்டங்களில், செலவை ஏற்பவர் நோயாளியைக் காண்பதில்லை. மருத்துவமனையிலிருந்து கணினி வழியே வரும் கோரிக்கை ஒன்றே அவருக்குச் சான்று. ஆகவே, பதிவு மேசையில் அமர்ந்து விவரங்களை உள்ளிடும் ஊழியரின் பணி, அறுவைக் கூடத்துப் பணியோடு பிணைந்ததாகி விடுகிறது.

கர்நாடகம் இத்துறையில் நெடிய அனுபவம் உடையது. கூட்டுறவு விவசாயிகளுக்கான யஷஸ்வினி திட்டம் 2003-ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தாவுடன் செயல்படத் தொடங்கியது. 2018 மார்ச்சில் தொடங்கிய ஆரோக்கிய கர்நாடகா திட்டம், அதே ஆண்டில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா அறக்கட்டளை இதனை நடத்துகிறது. இடையில் காப்பீட்டு நிறுவனம் இல்லை. கோரிக்கையைப் பரிசீலிப்பதும் பணம் வழங்குவதும் அறக்கட்டளையின் பொறுப்பே.

முதற்பதிவு, நோயாளி எப்பிரிவினர் என்பதாகும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முழுச் செலவும் ஏற்கப்படும். பொதுப் பிரிவினருக்கோ நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டே கிடைக்கும். ஒரு லட்சம் ரூபாய்ச் சிகிச்சையில் பிரிவு தவறாகப் பதிவானால், ஏழைக் குடும்பத்தின் தலையில் 70,000 ரூபாய் விழும். இதைவிடக் கவனம் வேண்டும் பதிவு வேறில்லை எனலாம்.

அடுத்து அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம். அவசரச் சிகிச்சைக்கு இது தேவையில்லை. ஆனால், அவசரம் என்பதை மருத்துவக் குறிப்பு காட்ட வேண்டும். அதன் பின்னர் சிகிச்சைக்குரிய குறியீடு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே தொகுப்புக் கட்டணம் உண்டு. படுக்கை, மருந்து, அறுவை யாவும் அதில் அடங்கும். தேசியத் திட்ட விதிப்படி, ஒரே வேளையில் மூன்று அறுவைகள் நடந்தால் உயர்ந்த கட்டணமுடையதற்கு முழுத்தொகையும், இரண்டாவதற்குப் பாதியும், மூன்றாவதற்குக் காற்பங்கும் கிடைக்கும். வரிசை மாறினால் கணக்கும் மாறும்.

நன்கு அமைந்த மென்பொருள் சில பிழைகளைத் தானே தடுத்துவிடும். சேர்க்கைத் தேதிக்கு முன் அறுவைத் தேதி இராது. ஆண் நோயாளிக்குக் கருப்பை நீக்கம் இராது. ஆயின், வலக்கண்ணுக்கு அனுமதி பெற்று இடக்கண்ணின் அறிக்கையை இணைத்திருந்தால், அதனைப் படித்துப் பார்க்கும் மருத்துவரே கண்டறிய வேண்டும். கட்டம் நிரம்பியிருப்பது வேறு, உண்மை பதிவாகியிருப்பது வேறு. 2023-இல் வெளிவந்த இந்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, ஆயுஷ்மான் பாரத் பயனாளிகளில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேருக்கு, பத்து இலக்கங்களும் ஒன்பதாக உள்ள ஒரே கைப்பேசி எண் பதிவாகியிருந்ததைச் சுட்டியது. தகுதியை முடிவு செய்வதில் கைப்பேசி எண்ணுக்குப் பங்கில்லை என அரசு விளக்கியது. எனினும், கட்டாயக் கட்டத்தை எதையேனும் இட்டு நிரப்பும் பழக்கம் இதில் வெளிப்பட்டது.

மாநிலத்துக்குள் எழும் கோரிக்கைக்கு 15 நாட்களில் பணம் வழங்க வேண்டும் என்பது தேசிய நெறி. ஐயம் எழுப்பித் திருப்பி அனுப்பினால் நாட்கள் நீளும். பெரிய மருத்துவமனை தாங்கிக்கொள்ளும். முப்பது படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனை மருந்துக் கடைக்காரருக்கு எப்படிப் பதில் சொல்லும்? அது திட்டத்தை விட்டு விலகினால், நோயாளிதான் தொலைதூரம் அலைய நேரிடும்.

ஆகையால் திருப்பி அனுப்புபவருக்கும் கடமை உண்டு. ‘ஆவணம் போதாது’ என்று எழுதுவதைவிட, ‘அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரே இல்லை’ என்று எழுதினால், குறையை அன்றே நிறைவு செய்து அனுப்ப இயலும்.