ரா ஒளிப்படங்களில் நிறச்சாயலும் இரைச்சலும்

ரா கோப்பு என்பது ஒளிப்படக்கருவியின் உணரி பதிவுசெய்த தரவை, நிறங்களை முடிவு செய்யாமல் சேமிக்கும் கோப்பு ஆகும். ஆகவே வெண்சமநிலையைப் படத்தின் தரம் கெடாமல் பின்னர் மாற்றலாம். செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில், இலைகளினூடே வரும் ஒளியால் வெண்கொக்குகள் பச்சைச் சாயலுடன் பதிவாகக்கூடும். மென்பொருளின் வெண்சமநிலைக் கருவியால், வெளிச்சம் மிகையாகாத ஒரு வெள்ளை இறகைச் சுட்டினால் இச்சாயல் பெரிதும் குறையும்.

அதிகாலையில் ஐஎஸ்ஓ அளவை உயர்த்தி எடுக்கும் படங்களில் ஒளிர்வு இரைச்சல் மணல் தூவியதுபோலவும், நிற இரைச்சல் பல நிறப் புள்ளிகளாகவும் தெரியும். இரண்டையும் குறைத்த பிறகே கூர்மையைக் கூட்ட வேண்டும். இல்லாவிடில் இரைச்சலும் கூர்மையாகும். அளவுக்கு மீறிக் குறைத்தால் இறகின் நுண்கோடுகள் மறையும். சின்னக் கொக்கின் கருங்கால்களிலுள்ள மஞ்சள் விரல்கள் அதன் முக்கிய அடையாளமாகும். அந்நிறம் மங்கினால் படத்தைக் கொண்டு இனத்தை அறிவதில் பிழை நேரும்.