இயக்குநீர்க் குலைப்பிகளும் பறவைகளின் நடத்தையும்

இயக்குநீர்க் குலைப்பிகள் என்பவை, உடலில் சுரக்கும் ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் அல்லது மாற்றும் வேதிப்பொருள்கள் ஆகும். டி.டி.டி., எண்டோசல்ஃபான், மெத்தில் பாதரசம் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இளம் பருவம்

மூளை வளரும் பருவத்தில், பிற்கால நடத்தைக்கு அடித்தளம் இடுவதில் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே அப்போது உடலில் சேரும் சிறிதளவு நஞ்சும் நெடுங்கால மாற்றத்தை உண்டாக்கக்கூடும்.

அரிவாள் மூக்கன் ஆய்வு

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நில்மினி ஜயசேனவும், அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபிரெடரிக்கும் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. புளோரிடாவில் எடுக்கப்பட்ட 160 இளம் அரிவாள் மூக்கன்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. மூன்று குழுக்களின் இரையில் மெத்தில் பாதரசம் கலக்கப்பட்டது. அதன் உச்ச அளவே பத்து லட்சம் பங்கு இரையில் 0.3 பங்குதான். அதை உண்டு வளர்ந்த ஆண் பறவைகள் பெண் பறவைகளைக் கவரும் ஆட்டங்களைக் குறைவாகவே ஆடின. பல ஆண் பறவைகள் தமக்குள்ளேயே இணை சேர்ந்தன. குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

தமிழ்நாட்டில்

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் கழிவால் மண்ணில் பாதரசம் கலந்தது. கொடைக்கானல் ஏரி மீன்களிலும் பாதரசம் கண்டறியப்பட்டது. நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன; அது மீன் வழியாகப் பறவைகளைச் சேர்கிறது.

மதுரை வில்லாபுரத்தை அடுத்த அவனியாபுரம், சாமநத்தம் கண்மாய்ப் பகுதிகளிலும் இதே இனத்தின் உறவான வெள்ளை அரிவாள் மூக்கன்கள் இரை தேடுகின்றன. நீர்நிலையின் நலத்தை அறிய, அங்கு வரும் பறவைகளை எண்ணினால் மட்டும் போதாது. அவை இணை சேர்ந்து குஞ்சு பொரிக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.