வயிறு நிறைந்தால் போதுமா?

பள்ளியில் கிடைக்கும் உணவு நம் பிள்ளைகளின் பசியைத் தணிக்கிறது. அது உடலையும் வளர்க்கிறதா என்பதை இன்று ஆராய்வோம்.

நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் 1979-ஆம் ஆண்டு முதல் துணை உணவுத் திட்டம் நடைபெற்று வருகிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச்சாலையில் இலவச உணவு வழங்கப்படுகிறது. 1983-இல் பள்ளிப் பால் திட்டமும் தொடங்கியது. ஆயினும் குறை தீர்ந்துவிடவில்லை. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் யுனிசெப் நிறுவனம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அவ்வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 15 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தனர். மிகை எடையுள்ள குழந்தைகளும் அவர்களிடையே இருந்தனர். அடுக்குமாடிகள் நிறைந்த செந்தூலில் வாழும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வயிறு நிறைந்த பிள்ளைக்கும் சத்துக் குறைவு உண்டாகலாம்.

நாசி லெமாக்கையே எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பாற் சோறு உழைக்கும் சக்தியைத் தரும். ஆனால் சோறும் சம்பலும் மட்டுமே வளர்ச்சிக்குப் போதா. ஒரு முழு முட்டை சேர்ந்தால் ஏறத்தாழ 6 கிராம் புரதம் கிடைக்கும். முள்ளோடு தின்னும் நெத்திலி, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தரும். கூடவே காய்கறியும் ஒரு துண்டுப் பழமும் இருந்தால் அது நிறைவான உணவாகும்.

இரும்புச் சத்து குறைந்தால் இரத்தச் சோகை வரும். அத்தகைய பிள்ளை வகுப்பில் சோர்ந்திருக்கும். பாடத்தில் மனம் ஊன்றாது. அதைச் சோம்பேறி என்று நாம் ஏசிவிடுகிறோம்! கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்குக் கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி துணை செய்கிறது. உணவோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கப்பட்டது. 1989-இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 2010-இல் அது வாரத்திற்கு ஐந்தாக உயர்ந்தது. சோறு போட்டால் மட்டும் போதாது, அதனுடன் சேர்வதும் முக்கியம் என்பதை அங்கும் படிப்படியாகவே உணர்ந்தனர்.

பள்ளி தருவது ஒரு வேளை உணவுதான். எஞ்சியதை ஈடுசெய்வது வீட்டின் பொறுப்பு. “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு நில்லாமல், “தட்டில் எதை ஒதுக்கினாய்?” என்றும் பிள்ளையைக் கேட்போம். ஒதுக்கியது காய்கறி என்றால், இரவு உணவில் அதைப் பருப்போடு மசித்துக் கொடுக்கலாம். சீனித் தண்ணீருக்குச் செலவாகும் காசில் ஒரு முட்டையை வாங்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலையின் உணவுப் பட்டியலைப் பற்றியும் பேசலாம். பிள்ளையின் தட்டைக் கவனிப்பதும் கல்விப் பணியே.