அமெரிக்க கடற்கரை ஊரில் 4 மாத வேலை: 'ஜே-1' கோடை விசாவில் போகும் மாணவர்கள் கையில் என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரம் ஒரு மெல்லிய மணல் திட்டில் இருக்கிறது ஓஷன் சிட்டி. ஆண்டு முழுக்க அங்கேயே வசிப்பவர்கள் சுமார் 7,000 பேர்தான். ஆனால் கோடைக்கால வார இறுதி வந்துவிட்டால் ஊரில் இருப்பவர்களின் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இத்தனை பேருக்கும் ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்வது யார்? ராட்டினத்தில் டிக்கெட் கிழிப்பது, ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுப்பது, நீச்சல் குளத்தின் ஓரம் லைஃப்கார்டாக உட்கார்ந்திருப்பது யார்? 'போர்டுவாக்' எனப்படும் மரப்பலகை நடைபாதையில் நடந்து, கடைக்காரர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்தால் பதில் தெரியும். பல்கேரியா, ருமேனியா, செர்பியா, துருக்கி, ஜமைக்கா என்று பல நாடுகளிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் அவர்கள்.

இவர்களைக் கொண்டுவருவது 'ஜே-1' விசாவின் கீழ் வரும் 'சம்மர் வொர்க் டிராவல்' திட்டம். சட்டப்படி இது வேலைவாய்ப்புத் திட்டமே அல்ல. 1961-ல் வந்த ஒரு சட்டத்தின் அடிப்படையில் நடக்கும் கலாசாரப் பரிமாற்றம். தொழிலாளர் துறை இதை நடத்தவில்லை, வெளியுறவுத் துறைதான் நடத்துகிறது. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. காகிதத்தில் பரிமாற்றம், நடப்பில் பாத்திரம் கழுவும் ஷிஃப்ட்.

யார் போகலாம்?

அமெரிக்காவுக்கு வெளியே முழுநேரக் கல்லூரிப் படிப்பில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். வேலைக்குத் தேவையான ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். சொந்த ஊர்க் கல்லூரியின் விடுமுறையில், அதிகபட்சம் 4 மாதம். அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்றின் மூலமாக மட்டுமே போக முடியும். பெரும்பாலான நாட்டவர்கள் விமானம் ஏறும் முன்பே வேலையை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு 1,09,000 பேர் என்று ஒரு உச்சவரம்பும் உண்டு. 'கோடை' என்பது அவரவர் ஊர்க் கோடை என்பதால், பெரு, அர்ஜென்டினா மாணவர்கள் டிசம்பர் வாக்கில் பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போய்க் குளிரில் நடுங்குவார்கள். அது தனிக் கதை.

உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

வருகிறார்கள். ஆனால் முழு சீசனுக்கும் நிற்பதில்லை. மே கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே அன்று தொடங்கும் சீசன், செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே வரை ஓடும். அமெரிக்காவில் பல இடங்களில் பள்ளி, கல்லூரிகள் ஆகஸ்ட்டிலேயே திறந்துவிடும். கூட்டம் குறையாது, வேலைக்கு ஆள் மட்டும் போய்விடும். பல கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் கல்லூரி திறக்க இன்னும் நாள் ஆகும் என்பதால் அந்த இடைவெளியை இந்த மாணவர்கள் நிரப்புகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சம்பவம். 2016 ஆகஸ்ட்டில் மேரிலாண்ட் ஆளுநராக இருந்த லாரி ஹோகன், பள்ளிகள் லேபர் டேவுக்குப் பிறகுதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதை அறிவிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் ஓஷன் சிட்டி போர்டுவாக். கடற்கரை வியாபாரத்துக்காகப் பள்ளிக்கூட நாட்காட்டியையே மாற்றினார்கள்! 2019-ல் மாநில சட்டமன்றம் அந்த முடிவை மறுபடியும் உள்ளூர் கல்வி வாரியங்களிடமே விட்டுவிட்டது.

சரி, கையில என்ன மிஞ்சும்?

மேரிலாண்டில் 2024 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். சில விதிவிலக்குகள் உண்டு. முக்கியமாக, டிப்ஸ் வாங்கும் வேலைகளுக்கு முதலாளி 3.63 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸ் சேர்த்தும் 15 வரவில்லை என்றால் மீதியை முதலாளிதான் போட வேண்டும். இந்த இரண்டாவது வரி தெரியாமல் ஏமாறுவது சுலபம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செலவுத் தொகைகள் உதாரணத்துக்காக எடுத்தவை. வாரம் 35 மணி நேரம், 14 வாரம் என்றால் வருமானம் 7,350 டாலர். வாடகை வாரம் 150 என்றால் 2,100 போச்சு. சாப்பாடு, பஸ், போன் வாரம் 80 என்றால் 1,120. வரி சுமார் 1,000. மீதி 3,130. ஸ்பான்சர் கட்டணம், விசா, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஊரிலேயே 2,500 டாலர் செலவாகியிருந்தால், மிஞ்சுவது 630 டாலர்.

இதே மாணவருக்கு முதலாளி வாரம் 25 மணி நேரம்தான் வேலை கொடுத்தால்? வருமானம் 5,250 ஆகிவிடும். வரி குறைந்தாலும் 1,000 டாலருக்கு மேல் கைநஷ்டம். ஊரில் கடன் வாங்கி வந்தவருக்கு இது விளையாட்டு இல்லை. அதனால்தான் பகலில் ஒரு கடை, மாலையில் ஒரு ஓட்டல் என்று பலர் இரண்டு வேலை பார்க்கிறார்கள். இரண்டாவது வேலைக்குத் தடை இல்லை, ஆனால் சேரும் முன் ஸ்பான்சர் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாமல் சேர்ந்தால் விசாவுக்கே ஆபத்து.

ஆக, சம்பளம் மணிக்கு எவ்வளவு என்பதைவிட, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்பதுதான் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது.

அடுத்தது வீடு. சுற்றுலாப் பயணிகள் ஒரு வாரத்துக்குப் பெரிய தொகை கொடுக்கத் தயாராக இருக்கும் ஊரில், மாணவருக்கு மலிவாக வீடு விட யாருக்கு மனசு வரும்? கட்டுப்படியாகும் தங்குமிடமும் போக்குவரத்தும் இருக்கிறதா என்பதைக் கருத்தில் கொண்டே ஸ்பான்சர் வேலை கொடுக்க வேண்டும் என்கிறது விதி. முதலாளி வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே அறையில் பல பேர் கட்டில் போட்டு அடைந்து கிடப்பதும், பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அப்படி ஒரு வீடே இல்லாமல் நிற்பதும் இதனால்தான்.

வீடு தூரம் என்றால் சைக்கிள். ஊரின் முதுகெலும்பான கோஸ்டல் ஹைவேயில் பஸ்ஸும் சைக்கிளும் ஒரே தடத்தில்தான் போக வேண்டும். இரண்டு ஷிஃப்ட் முடித்து, நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில் விளக்கில்லாத சைக்கிளில் போவது கடலில் குளிப்பதைவிட ஆபத்து. கடலும் சும்மா இல்லை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டங்கள் உண்டு. கடற்கரைக் காவலர்கள் இருப்பது காலை 10 முதல் மாலை 5.30 வரை. மாணவர்களுக்கு ஓய்வு கிடைப்பதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு.

2011-ல் என்ன நடந்தது?

பென்சில்வேனியாவில் சாக்லேட் பொதி கட்டும் கிடங்கு ஒன்றில் போடப்பட்ட இந்தத் திட்ட மாணவர்கள், நூற்றுக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கனமான பெட்டிகள் தூக்கும் வேலை, இரவு ஷிஃப்ட், சம்பளத்தில் வாடகைப் பிடித்தம் என்று புகார்கள். 'அமெரிக்காவைப் பார்க்க வந்தோம், கிடங்கைத்தான் பார்த்தோம்' என்பதே அவர்கள் ஆதங்கத்தின் சாரம். அடுத்த ஆண்டே விதிகள் இறுகின. கிடங்கு, தொழிற்சாலை, கட்டுமானம், பெரும்பகுதி நேரம் இரவு 10 முதல் காலை 6 மணிக்குள் விழும் வேலை எல்லாம் தடை. மாணவர்களை ஸ்பான்சர் மாதம் ஒருமுறையாவது தொடர்புகொள்ள வேண்டும். கலாசார நிகழ்ச்சிகளுக்கும் வாய்ப்பு தர வேண்டும்.

வேலை சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஸ்பான்சரிடம் சொல்ல வேண்டும், புதிய வேலையில் சேரும் முன் ஸ்பான்சர் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டை 'பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்' என்று முதலாளியோ வீட்டுக்காரரோ கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதைப் பறித்து வைத்து மிரட்டுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

சம்பளச் சீட்டிலும் ஒரு கண் வேண்டும். இந்த விசாவில் வரும் மாணவர்களுக்கு வருமான வரி உண்டு, ஆனால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். மேலே போட்ட கணக்கில் அது 560 டாலருக்கு மேல். தவறுதலாகப் பிடித்திருந்தால் முதலாளியிடமே திரும்பக் கேட்கலாம். கூடுதலாகப் பிடித்த வருமான வரிக்கு, ஊர் திரும்பிய பிறகு, அடுத்த ஆண்டு ஏப்ரல் 15-க்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் ஊர் சுற்ற 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது.