பருவம் படகுகளுக்குத்தான், திமிங்கிலங்களுக்கு அல்ல

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் பார்க்கலாம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலையில் பார்க்கலாம். கொழும்பின் சுற்றுலா முகவர்கள் சொல்லும் இந்தக் கணக்கு உண்மையில் நம் படகுகளின் கணக்கு. தென்மேல் பருவக்காற்று தெற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் படகுகள்தான் கரையேறுகின்றன. இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலங்களில் ஒரு பகுதியேனும் ஆண்டு முழுவதும் இங்கேயே இரை தேடுகிறது என்பதை ஆஷா டி வோஸ் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 2003இல் அவர் கடலில் மிதக்கக் கண்ட செந்நிறத் திமிங்கிலக் கழிவே அதற்கான முதல் தடயம். வெப்பக் கடலில் இவை இனப்பெருக்கம் மட்டுமே செய்யும், உண்ணா என்ற பழைய எண்ணத்தை அது அசைத்தது. சிறு இறால்களே இங்கு அவற்றின் முக்கிய உணவு.

இடத்துக்கு இடம் எண்ணிக்கை கூடிக் குறைகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், இரை இருக்கும் பக்கம் அவை நகர்கின்றன. ஆனால் காலிமுகத்திடலிலிருந்து நாம் பார்க்கும் கப்பல்கள் பலவும் தீவின் தென்முனையான தேவேந்திரமுனையைச் சுற்றியே வருகின்றன, அதுவும் பன்னிரண்டு மாதமும். நீரின் மேற்பரப்பில் மூச்செடுக்கும் விலங்குக்கு அவற்றுடன் மோதுவதே பேராபத்து. பாதையை மாற்றினால் செலவு கூடும் என்பார்கள். 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தானாகவே நகர்த்தியது. ஒரு நிறுவனத்துக்கு முடிந்ததை எல்லோருக்குமான விதியாக்க வேண்டும். அந்தப் பாதுகாப்புக்குப் பருவம் கிடையாது.