மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது?

கோல்ஃப் மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கு. அடித்த அதிர்வைக் கை உணர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். அந்தக் கணத்தில் யாரும் எதையும் திருத்த முடியாது. அதற்கு முந்தைய வீச்சிலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது.

அந்த வீச்சைப் பிரிட்டனில் ஓர் அறிவியலாளர் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அதை 1968-இல் அலஸ்டைர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் நூலாக எழுதினார்கள். ஆடுபவரை அவர்கள் இரண்டு கோல்களாகச் சுருக்கினார்கள். தோளும் கைகளும் ஒரு கோல், மட்டை இன்னொன்று, நடுவே மணிக்கட்டு கீல். எம்.எஸ்சி. வகுப்பில் ஆண்டுதோறும் இதே அமைப்பை, அதாவது இரட்டை ஊசலை, நடத்தியவன் நான். கரும்பலகையில் சமன்பாடாக நின்றது புல்வெளியில் உயிரோடு அசைவதைக் கண்டபோது சிலிர்த்துப்போனேன். மேல்கோல் சுழலும்போது மட்டை பின்தங்கி வந்து, கடைசியில் தானே வெளியே வீசப்படுகிறது. அவசரப்பட்டு மணிக்கட்டைச் சொடுக்கினால் வேகம் குறையும்.

அடுத்த ஆண்டே சியாட்டிலில், போயிங்கில் வேலை பார்த்த ஹோமர் கெல்லி வடிவியல் வழியில் போனார். வீச்சை 24 கூறுகளாகப் பிரித்தார். அவர் நூல் படிக்கக் கடினம். ஆனால் அதில் ஊறிய ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ 2020, 2024 என இருமுறை யு.எஸ். ஓபனை வென்றிருக்கிறார்.

உடலியக்க ஆய்வாளர்கள் காலடி விசையை அளக்கும் தட்டுகளோடும் கேமராக்களோடும் வந்தார்கள். இடுப்பு, மார்பு, கை, மட்டை என்ற வரிசையில் வேகம் கைமாறுகிறது என்று காட்டினார்கள். இதை ஒரே அச்சாக எல்லோர்மீதும் பதிப்பதை நான் ஏற்கமாட்டேன். விசித்திரமாக வளைத்து வீசும் ஜிம் ஃப்யூரிக்தான் 2016-இல் பி.ஜி.ஏ. டூர் சுற்று ஒன்றை 58 அடிகளில் முடித்தார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மட்டையையும் பந்தையும் பின்தொடர்ந்து அளக்கும் டென்மார்க்கின் டிராக்மேன் ரேடார் உறுதிப்படுத்திய உண்மை. மட்டை போகும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று பயிற்சியாளர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உண்மையில், பந்து பெரும்பாலும் மட்டையின் முகம் பார்க்கும் திசையில் கிளம்புகிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோண வேறுபாடுதான் அதை வளைக்கிறது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் வளைகிறது என்று வையுங்கள். அதைச் சரிசெய்ய அவர் இன்னும் இடப்பக்கமாக வீசுவார். முகம் மாறாமல் பாதை மட்டும் விலகுவதால் கோணம் கூடுகிறது, பந்து மேலும் வளைகிறது. எத்தனையோ பேர் இப்படி மனமொடிந்து மட்டையைக் கீழே வைத்திருப்பார்கள்!

இத்தனை அறிவும் ஆடுகிறவர் மனத்தில் எப்படி இறங்க வேண்டும்? கேப்ரியேல் வுல்ஃபும் சகாக்களும் 1999-இல் புதியவர்களைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். தம் கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட, மட்டையின் வீச்சைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள்.

ஊசல் கணக்கும் இடுப்பு வரிசையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவை. கற்க வருபவரிடம் அவற்றைக் கட்டளைகளாக அடுக்காதீர்கள். மட்டையின் முகத்தையும் பந்து பறந்த வழியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.