மறைந்தவர் விட்டுச்சென்ற துப்பாக்கி: வாரிசுகள் உடனே செய்ய வேண்டியது

புக்கிட் ரோத்தானிலும் அதைச் சூழ்ந்த கோல சிலாங்கூர் தோட்டங்களிலும், குடும்பத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருந்த பெரியவர் மறைந்ததும், வீட்டையும் நிலத்தையும் பெயர் மாற்றுவதற்கு ஓயாமல் அலையும் பிள்ளைகள், அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் துப்பாக்கியை மட்டும் பழம்பொருள் என்று எண்ணி அப்படியே விட்டுவிடுகின்றனர். துப்பாக்கி உரிமம் என்பது குறிப்பிட்ட ஒருவரின் பெயருக்கு மட்டுமே தரப்படும் அனுமதி. அது சொத்தைப் போல வாரிசுக்கு இறங்குவதில்லை. ஆகவே உரிமம் பெற்றவர் இறந்த பின்பு அந்தத் துப்பாக்கி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அவர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்.

இத்தகைய துப்பாக்கிகள் தோட்டங்களுக்கு வந்த வழி வியப்புக்குரியதன்று. காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்ட வேட்டைத் துப்பாக்கிகள் இருந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களின் கைகளில் .303 ரைபிள்கள் இருந்தன. அக்காலத்துச் சட்டத்தின் கடுமையை எஸ். ஏ. கணபதியின் வழக்கு காட்டுகிறது. அனைத்து மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவர், ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டு, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. அந்த விளக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. கண்டெடுத்த ஆயுதத்தைத் தாமே தூக்கிச் செல்லும் பழக்கம் இன்றும் தொடர்வதால்தான் இந்த வழக்கை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இன்று நடைமுறையில் இருப்பவை இரண்டு சட்டங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருப்பதையும் தம் பொறுப்பில் பாதுகாப்பதையும் தடுக்கிறது. மீறுவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டால், 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. சட்டவிரோதமாக இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வைத்திருப்பவர், அவற்றைக் கடத்தி விற்பவர் என்றே அச்சட்டம் அனுமானிக்கிறது. துருப்பிடித்துச் சுட முடியாமல் கிடக்கும் துப்பாக்கி ஆயுதமே ஆகாது என்ற வாதத்தை நம்பி எவரும் இருந்துவிடக் கூடாது. சுடுவதற்கேற்பச் சீர்ப்படுத்தக்கூடிய குழல் ஆயுதமும், ஆயுதத்தின் உதிரிப் பாகமும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

சட்டத்துக்கு அஞ்சாதவர்கள் இரும்புக்காவது அஞ்ச வேண்டும். பல ஆண்டுகள் ஈரக்காற்றில் கிடந்த தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூட்டி சில வேளைகளில் தாமதித்தே பற்றும்; விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையே என்று பூட்டுத்தண்டைப் பின்னுக்கு இழுக்கும் அந்த நொடியில் அது வெடித்து, பித்தளைத் துண்டுகளும் வெப்ப வாயுவும் சுடுபவரின் முகத்தில் பாயும். பழைய தோட்டாக்களின் வெடிமூட்டி, குழலின் உட்புறத்தில் உப்பைப் படியவிட்டுத் துருவை வளர்க்கும்; அவ்வாறு அரிக்கப்பட்ட குழலோ, மெல்லிய பழங்கால வேட்டைத் துப்பாக்கிக் குழலோ, இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடலாம். ஆகவே செம்பனைக் காட்டில் ஒருமுறை சுட்டுப் பார்ப்போம் என்று எவரும் முயலக் கூடாது. ஆயுதத்தைப் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை என்பதால், உரிமமில்லாத பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வதும் குற்றமே.

செய்ய வேண்டியது கடினமானதன்று, ஆனால் வரிசை மாறக் கூடாது. துப்பாக்கியைக் கண்டதும் அதைத் திறக்கவோ, துடைக்கவோ, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவோ கூடாது. பிள்ளைகளை விலக்கி, அறையைப் பூட்டிவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, இன்னார் மறைந்தார், அவர் பெயரில் உரிமம் இருந்தது, துப்பாக்கி இந்த முகவரியில் இருக்கிறது என்று தெரிவித்து, எவ்வாறு ஒப்படைப்பது என்று கேட்க வேண்டும். துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் புறப்படக் கூடாது. மீண்டும் சொல்லப்படுகிறது, காவல்துறை சொல்லாமல் அதை வீட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. பின்னர், இறப்புச் சான்றிதழ், மறைந்தவரின் அடையாள அட்டை நகல், உரிமம், தோட்டா வாங்கிய பதிவுகள் ஆகிய கையில் உள்ள தாள்களுடன் நிலையத்துக்குச் சென்று போலீஸ் புகார் செய்து, அதில் துப்பாக்கியின் வகை, உரிமத்தில் உள்ள வரிசை எண், தோட்டாக்கள் கிடைத்த இடம் ஆகியவை சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பின்பே கையொப்பமிட வேண்டும். உரிம விவகாரம் ஐ.பி.டி. எனப்படும் கோல சிலாங்கூர் மாவட்டக் காவல் தலைமையகத்தின் வழியாகச் செல்லும். உரிமம் வழங்கும் அதிகாரம் ஷா ஆலாமில் தலைமையகம் கொண்ட மாநிலக் காவல்துறைத் தலைவருக்கு உரியது. முகப்பில் அமர்ந்திருப்பவர் நாளை வா என்று திருப்பி அனுப்பினால் அதை ஏற்றுக்கொண்டு திரும்பக் கூடாது. ஆயுதம் பற்றிய தகவலைத் தள்ளிப்போடுவது பொறுப்பின்மை. அந்தத் தாமதத்தின் விளைவைச் சுமக்கப் போவது குடும்பமே.

மண் தோண்டும்போதோ, பழைய லயத்தின் கூரையைப் பிரிக்கும்போதோ குண்டோ தோட்டாப் பெட்டியோ அகப்பட்டால், தொடாமல் விலகி நின்று 999 எண்ணை அழைக்க வேண்டும்; அதை அகற்றுவது காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவின் வேலை, பழைய இரும்புக் கடைக்காரரின் வேலையன்று.

துப்பாக்கியைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு, அதை முதலில் ஒப்படைத்துவிட்டுத் தம் பெயரில் புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. விற்பதாக இருந்தாலும் காவல்துறையின் அனுமதியுடன் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமே விற்க முடியும். உரிமம் கிடைத்த பிறகும் காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை தானாக வந்துவிடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையிடம் தனியாக வேட்டை உரிமம் பெற வேண்டும்.

ஆயுதத்தை ஒப்படைக்கும்போது, அதைப் பெற்றுக்கொண்ட அதிகாரியின் பெயர், பதவி, தேதி, துப்பாக்கியின் வரிசை எண், தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, புகாரின் நகலோடு சேர்த்து, இறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் வைக்க வேண்டும்.